கரையைத் துறந்தவன் கரை சேர்ந்தான்

ஆதம்பாக்கத்தில் கடல் இல்லை. கடலுக்கும் இவ்வூருக்கும் இடையே வேளச்சேரியும் தரமணியும் திருவான்மியூரும் கிடக்கின்றன. ஆயினும் ஊரை ஒட்டி நிற்கும் பரங்கிமலையின் படிகளில் ஏறி உச்சியை அடைந்து, வானம் தெளிந்த ஒரு காலைப் பொழுதில் கிழக்கே நோக்குவோருக்குக் கட்டிடங்களின் விளிம்புக்கு அப்பால் ஒரு நீலக் கோடு தென்படும். அக்கோட்டிலிருந்து மேற்கே நோக்கியவர்களுக்கும் ஒரு காலத்தில் இம்மலை தென்பட்டது. ஏறத்தாழ முந்நூறு அடி உயரமுள்ள சிறு குன்றுதான். எனினும் தாழ்ந்த மணற்கரையாக நீண்டு கிடக்கும் சோழமண்டலக் கரையில், சென்னை இருக்குமிடத்தைக் கப்பலோட்டிகள் கண்டுகொள்ள உதவிய அடையாளங்களுள் அதுவும் ஒன்று. நாம் குடியிருக்கும் நிலத்தைக் கடலில் நின்று பார்த்தவர்கள் எத்தகையோர்? அக்கடல் திடீரெனச் சீறி எழுந்தபோது, பாயும் கயிறும் சுக்கானுமன்றி வேறு துணையில்லாத அவர்கள் என்ன செய்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா பழங்காலத்தோடு முடிந்துவிட்ட ஒன்றன்று. 2012 ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று ‘நீலம்’ என்று பெயரிடப்பட்ட புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அன்று சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல், நங்கூரம் பிடி தளர்ந்து இழுபட்டு, பெசன்ட் நகர்க் கடற்கரையில் வந்து தரை தட்டியது. மாலுமிகளில் ஒரு பகுதியினர் உயிர்காப்புப் படகில் இறங்கினர். அலை அப்படகைக் கவிழ்த்தது. கரையோர மீனவர் நீரில் பாய்ந்து பலரைக் காப்பாற்றினர், சிலர் மாண்டனர். கப்பலிலேயே தங்கியிருந்தவர்களோ மறுநாள் பத்திரமாக மீட்கப்பட்டனர். ஆயிரக்கணக்கான மக்கள் கரையில் நின்று அக்கப்பலைப் பார்த்துச் சென்றனர். இரும்புக் கப்பலுக்கும் இயந்திரத்துக்கும் நேர்ந்த கதி இது. மரக்கலத்தின் கதியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஃபர் கரையில் ஓர் இரவு

பெசன்ட் நகரில் நிகழ்ந்ததற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று இதே சோழமண்டலக் கரையில் ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்கிறது. அதை எழுதி வைத்தவர் உலகப் பயணி இப்னு பதூதா. மாலத்தீவிலிருந்து புறப்பட்ட அவர் இலங்கையில் தங்கி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்து, பாவா ஆதம் மலையைக் கண்டு, பின்னர் ‘மஃபர்’ என்று அரபிகள் வழங்கிய தமிழகக் கரையை நோக்கிக் கப்பலேறினார். காலம் 1344 ஆம் ஆண்டை ஒட்டியது. மதுரையில் அப்போது சுல்தான் கியாதுத்தீன் தாமகானி ஆண்டுகொண்டிருந்தார்.

நடுக்கடலில் காற்று வலுத்தது. கலத்துக்குள் நீர் புகும் நிலை. கலத்தை நடத்தத் தக்க தேர்ந்த வழிகாட்டி இல்லை என்று இப்னு பதூதா வருத்தத்துடன் குறிக்கிறார். பாறைகளை அணுகி மயிரிழையில் தப்பிய கப்பல், ஆழமற்ற நீரில் வந்து தரை தட்டியது. மக்கள் உடைமைகளைக் கடலில் எறிந்து ஒருவருக்கொருவர் விடை பெற்றுக்கொண்டனர். பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். மரங்களைப் பிணைத்து மாலுமிகள் ஒரு தெப்பம் கட்டினர். கரையோ தொலைவில் இருந்தது. தெப்பத்தில் எல்லாருக்கும் இடமில்லை. தம்முடன் வந்தவர்களை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு இப்னு பதூதா கப்பலிலேயே தங்கினார். இரவு முழுவதும் உடைந்த கலத்தில் கழிந்தது. விடிந்ததும் கரையோர மக்கள் ஒரு படகில் வந்து அவரை மீட்டுக் கரை சேர்த்தனர்.

அப்படகில் வந்தவர்கள் அவருடைய சமயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். கடலில் ஒரு மனிதன் தத்தளிக்கிறான் என்பதொன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இப்னு பதூதாவின் பெயரை உலகம் அறியும். அவரைக் காத்த தமிழ்ப் பரதவரின் பெயர்களை எவரும் அறியார். இக்குறை இக்கட்டுரை நெடுகிலும் நம்மைத் தொடர்ந்து வரும்.

காற்றைக் கற்றவர்கள்

‘தக்க வழிகாட்டி இல்லை’ என்று இப்னு பதூதா குறைப்பட்டார் அல்லவா? அந்த வழிகாட்டியை அரபு மொழி ‘முஅல்லிம்’ என்று அழைத்தது. கற்பிப்பவர் என்பது அதன் பொருள். நம் ‘மாலுமி’ அச்சொல்லின் தமிழ் வடிவமே என்பது சொல்லாய்வாளர் கருத்து. ‘சுக்கான்’ அரபுச் சொல். ‘நங்கூரம்’ பாரசீகத்து ‘லங்கர்’ என்பதிலிருந்து வந்தது. இவற்றுக்கு அருகிலேயே கப்பலின் முன்புறத்தைக் குறிக்கும் அணியம், பின்புறத்தைக் குறிக்கும் அமரம், பாய் கட்டும் குறுக்குமரமாகிய பருமல், பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு என்று கடலோடிகளின் பிற சொற்களும் கூடி வாழ்கின்றன. ஒரே கலத்தில் பல மொழியாரும் பாயிழுத்த வரலாற்றுக்கு இச்சொற்களைவிடச் சிறந்த சாசனம் வேறில்லை.

கடலோடியின் முதற்பாடம் காற்று. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். திசைக்கொரு பெயர் வைத்த மொழி, காற்றைக் கவிதைக்காக மட்டும் பெயரிட்டு வைக்கவில்லை. எந்தக் காற்று எந்த மாதத்தில் தொடங்கும், எப்போது தளரும், எப்போது திசை மாறும் என்பதே கப்பல் புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் தீர்மானித்தது. குறித்த காலம் என்று பொருள்படும் ‘மவ்சிம்’ என்னும் அரபுச் சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் பருவக்காற்றின் பெயராயிற்று.

இக்கலையை நூலாக்கியவர்களுள் தலைசிறந்தவர், இன்றைய ராஸ் அல் கைமாப் பகுதியிலுள்ள ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித். ஹிஜ்ரி 895 இல், அதாவது கி.பி. 1490 ஐ ஒட்டி, அவர் தம் பெருநூலாகிய ‘கிதாபுல் ஃபவாயித்’தை எழுதி முடித்தார். வாஸ்கோ ட காமாவுக்கு இந்தியாவின் வழியைக் காட்டியவர் அவரே என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அப்புகழ் அவருக்குத் தேவையுமில்லை. விண்மீன் உயரத்தை விரல் கணக்கில் அளத்தல், காற்றுகளின் பருவம், கரை நெருங்குவதற்கான குறிகள், கலத்தின் உறுப்புகள் ஆகிய அனைத்தையும் ஒரு மாலுமி கற்றே ஆக வேண்டும் என்று வரையறுத்த ஆசிரியர் அவர். சோழக்கரை மாலுமிகளின் அளவைகளும் அரபு மாலுமிகளின் நூல்களில் குறிக்கப்படுகின்றன. நம் கடலோடிகளும் விரல் கணக்கிலேயே விண்மீனை அளந்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்திய சிறு பலகைக்கு ‘இராப்பலகை’ என்று பெயர்.

பருவம் அறிந்தவனுக்கும் புயல் திடீரென்று வரும். ஆயினும் அதற்கு முன் கடல் சில குறிகளைக் காட்டும். காற்றே இல்லாத வேளையில் கிழக்கிலிருந்து நீண்ட, தளர்ந்த அலைகள் வந்து கரையில் மோதும். தொலைவில் எங்கோ புயல் கடலைக் கலக்குகிறது என்பதற்கு அதுவே தூது. இறகு போன்ற மென்முகில்கள் ஒரு திசையிலிருந்து விரியும். மாலையில் வானம் செம்பு நிறம் கொள்ளும். காற்று விட்டுவிட்டு வீசும். இக்குறிகளைக் கண்டும் பயணத்தைத் தொடர்பவன் வீரன் அல்லன், கற்றதை மறந்தவன்.

பாயை இறக்கும் கை

கடலில் கலம் சென்றுகொண்டிருக்கையில் புயல் பிடித்துவிட்டது என்று கொள்வோம். முதல் வேலை பாயைக் குறைத்தல். அரபுக் கடலிலும் நம் கடலிலும் ஓடிய கலங்கள் பலவற்றில், நீண்ட சாய்ந்த பருமலில் கட்டிய முக்கோணப் பாய் இருந்தது. மெல்லிய காற்றையும் பற்றி ஓடும் அற்புதமான பாய் அது. ஆனால் புயலில் அதுவே எமன். அதைச் சிறிது சிறிதாகச் சுருக்குதல் எளிதன்று. பருமலையே இறக்கி, பெரிய பாயை அவிழ்த்து, சிறிய பாயைக் கட்டி மீண்டும் ஏற்ற வேண்டும். மரத்தின் நீளத்துக்கு நிகரான பருமலை, கலம் உருளும் வேளையில், நனைந்த கயிறுகளோடு போராடி இறக்குவதற்கு எத்தனை கைகள் வேண்டும்! ஆகவே காற்று வலுக்கு முன்னரே இறக்குபவன் தப்பினான். ‘இன்னும் சற்றுப் பார்ப்போம்’ என்று காத்திருந்தவனுடைய பாய் கிழிந்தது; மரம் முறிந்தது; அல்லது கலமே கவிழ்ந்தது.

பாயை இறக்குவதும் சரக்கைக் குறைப்பதும் எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்குச் சங்க இலக்கியத்திலேயே சான்று உண்டு. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடலில், பாயைக் களையாமலும் மேற்பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகத்தில் புகும் பெருங்கப்பல் ஒன்று வருகிறது. அவ்வாறு புக முடிந்தமை ஒரு சிறப்பாகப் பேசப்படுவதால், இரண்டையும் குறைத்துக்கொண்டு நுழைவதே பொதுவழக்கு என்பது பெறப்படும்.

இரண்டாவது, கலத்தின் பக்கம் அலைக்கு எதிர்ப்படாமல் காத்தல். அலையை அணியத்தால் ஏற்கலாம், அமரத்தால் ஏற்கலாம், விலாவால் ஏற்றால் கலம் புரளும். காற்றை முதுகில் வாங்கி ஓடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் ஓட்டம் மிகுந்தால் அணியம் முன்னலையில் புதையும். அமரம் பின்னலையில் தூக்கப்படும். சுக்கான் நீரைவிட்டு வெளியேறும். கலம் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடும். அதைத் தடுக்க, கனத்த வடங்களையும் மரக்கட்டைகளையும் பின்னால் இழுபட விட்டு ஓட்டத்தைத் தளர்த்துவர். எதிர்த்து நிற்பதாயின், அதே வடத்தை அணியத்தில் கட்டி விட்டால் நீருக்குள் ஒரு நங்கூரம்போல அது பற்றிக் கலத்தின் முகத்தைக் காற்றுக்கு நேராக நிறுத்தும். எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கடலில் கசியவிட்டால் அலையின் நுரைமுடி அடங்கும் என்பதும் பண்டை உலகம் அறிந்திருந்த உண்மையே.

மூன்றாவதுதான் மிகக் கடினம்: இழக்கத் துணிதல். சரக்கை எறிய வேண்டும். தேவைப்பட்டால் பாய்மரத்தையே வெட்ட வேண்டும். வெட்டுண்டு வீழ்ந்த மரத்தின் கயிறுகளையும் உடனே அறுத்துவிட வேண்டும். இல்லையேல் நீரில் மிதக்கும் அம்மரமே அலைதோறும் கலத்தின் விலாவில் மோதி அதை உடைத்துவிடும்.

இதற்கு உவமை சொல்வதுபோல் ஒரு நிகழ்ச்சி, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘அஜாயிபுல் ஹிந்த்’ என்ற நூலில் உள்ளது. புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் தொகுத்ததாகக் கூறப்படும் அந்நூலில் அப்ஹாரா என்ற மாலுமி வருகிறார். கிர்மான் நாட்டில் ஆடு மேய்த்து, பின் மீன் பிடித்து, இறுதியில் சீனத்துக் கடலைப் பலமுறை கடந்தவர். ஒருமுறை சிராஃபிலிருந்து சீனத்துக்குச் சென்ற கப்பலொன்று, நடுக்கடலில் சிறு படகில் ஒரு தோல்பை நீருடன் தனியே அமர்ந்திருந்த அவரைக் கண்டது. ‘கப்பலில் ஏறுக’ என்றனர். ‘உங்கள் நிலை என் நிலையைவிட மோசமானது, தலைமையை என்னிடம் தந்து, ஆயிரம் தீனார் கூலியும் பேசினால் வருவேன்’ என்ற கருத்தில் விடையளித்தார் அவர். கப்பலேறியதும் அவர் இட்ட ஆணைகள் வணிகர்களைத் திகைக்க வைத்தன. கனத்த சரக்கைக் கடலில் எறியச் சொன்னார். பெரிய பாய்மரத்தை வெட்டச் சொன்னார். நங்கூரங்களின் வடங்களை அறுத்துவிடச் சொன்னார். கடலோ அமைதியாக இருந்தது! மூன்றாம் நாள் பள்ளிவாசல் மினாரைப் போன்ற ஒரு முகில் எழுந்தது. பெரும்புயல் தாக்கியது. பாரமும் மரமும் இல்லாத கலம் நெட்டிபோல் மிதந்து பிழைத்தது. திரும்பி வரும் வழியில், எறியப்பட்ட நங்கூரங்கள் பாறைகளின்மேல் கிடப்பதை அவர் காட்டினார். அவ்விடத்திலேயே கப்பல் நின்றிருந்தால் அப்பாறைகளில் மோதி நொறுங்கியிருக்கும் என்பதை அப்போதுதான் அவர்கள் உணர்ந்தனர்.

கதையில் கற்பனை கலந்திருக்கலாம். அதன் உட்பொருள் கடலோடிகள் உயிரைக் கொடுத்துக் கற்றது. அமைதியாக இருக்கும்போதே இழக்கத் துணிந்தவன் தப்பினான்.

ஆனால் எவன் சரக்கை எறிவது? இங்கேதான் கடற்கலை அறநெறியாக மாறுகிறது. எறியப்பட்ட பொருளின் இழப்பை அதன் உரிமையாளன் ஒருவன்மேல் மட்டும் சுமத்தலாகாது. அவ்வெறிதலால் யாருடைய பொருள் காக்கப்பட்டதோ அவர்கள் அனைவரும் தத்தம் பொருளின் மதிப்புக்கேற்பப் பங்கேற்க வேண்டும் என்று மாலிக்கீ சட்ட அறிஞர் வகுத்தனர். பண்டை ரோடுத் தீவின் கடற்சட்டத்திலும் இக்கொள்கை உண்டு. எறியத்தக்கவற்றின் பட்டியலில் மனிதன் இல்லை. அவன் அடிமையாயினும் சரி. மேல்தளத்தாரும் கீழ்த்தளத்தாரும் ஒரே கப்பலில் செல்ல, கீழ்த்தளத்தார் நீருக்காகக் கலத்தில் துளையிட முயன்றால் மேல்தளத்தார் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறிய உவமையை அறிந்தவர்களுக்கு இச்சட்டத்தின் வேர் எங்கே உள்ளது என்பது புலப்படும்.

கரையே பகை

நிலத்தில் வாழ்பவர் புயலில் கரையை நாடுவர். பாய்மரக் கப்பலுக்கோ கரையே முதற்பகை. நடுக்கடலில் ஓடுவதற்கு இடமுண்டு. கரையோரத்தில் காற்று தள்ளினால் போகுமிடம் மணலும் பாறையுமே. சென்னையைப் போன்ற திறந்த துறைக்கு இது மும்மடங்கு பொருந்தும். கப்பல்களைக் காக்க இங்கே வளைகுடா இல்லை. ஆழமான ஆற்றுமுகம் இல்லை. கரைக்கு வெளியே அலைகளில் ஆடியபடியே அவை நங்கூரமிட்டன.

1746 ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார். அக்டோபர் 13 ஆம் நாள் (ஆங்கிலேயர் அன்று கையாண்ட பழைய கணக்கில் அக்டோபர் 2) பகல் முழுதும் வானிலை இனிமையாக இருந்தது. நள்ளிரவையொட்டிப் புயல் வெடித்து மறுநாள் நண்பகல் வரை வீசியது. துறையில் நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்களில் ஒன்றுகூட விடியற்காலையில் கண்ணுக்குத் தென்படவில்லை. மரமிழந்தவை, பீரங்கிகளைக் கடலில் எறிந்து மிதந்தவை, நொடியில் மூழ்கியவை என அவற்றின் கதி பலவாறாயிற்று. ஏறத்தாழ 1200 பேர் மாண்டனர் என்பர். வியப்பு யாதெனில், புதுச்சேரித் துறையில் நின்ற கப்பல்கள் அப்புயலை உணரவேயில்லை! போரில் வென்ற கடற்படையை ஓர் இரவுக்காற்று கலைத்தது. சோழமண்டலத்தில் பிரெஞ்சுக்காரரின் கடல்வலிமை தளர்ந்தமைக்கு இவ்விரவும் ஒரு காரணம்.

1782 ஆம் ஆண்டு அக்டோபர் 15 இல் மற்றொரு புயல். ஹைதர் அலியின் படையெடுப்பால் சுற்றுப்புறம் பாழ்பட்டு, ஊர்களை விட்டு ஓடிவந்த மக்களால் சென்னை நிறைந்திருந்த காலம் அது. ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹ்யூஸ், குறியறிந்து கடலுக்குள் புறப்பட்டார். அவருடைய கப்பல்கள் மரமுறிந்து அல்லற்பட்டன. ஆயினும் பம்பாய் போய்ச் சேர்ந்தன. துறையில் தங்கிய உள்நாட்டுக் கலங்களோ பெருந்தொகையாகக் கரையில் மோதி அழிந்தன. அவற்றில் இருந்தது அரிசி. பசித்த நகரத்தின் கண்ணெதிரே அதன் உணவு உப்புநீரில் கரைந்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தோன்றிய ஏற்பாடே பின்னர் மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. ஒரு கலம் புயலில் உடைந்தால் அதன் ஓசை எத்தனை அடுப்புகளில் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1811 மே 2 ஆம் நாள் புயலில் ‘டோவர்’ என்ற போர்க்கப்பலும் ‘சிசெஸ்டர்’ என்ற சரக்குக் கப்பலும் சென்னைக் கரையில் உடைந்தன. 1872 மே மாதப் புயலிலும் ஆங்கிலக் கப்பல்களோடு உள்நாட்டுக் கலங்கள் பலவும் கரையேறி அழிந்தன. ஒவ்வொரு முறையும் பாடம் ஒன்றே. நேரத்தில் வடத்தை அறுத்துக்கொண்டு கடலுக்குள் சென்றவை பெரும்பாலும் தப்பின. நங்கூரத்தை நம்பி நின்றவை பெரும்பாலும் அழிந்தன.

இதன் காரணத்தை விஞ்ஞானம் பிற்காலத்தில் விளக்கியது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேர்த்து ஆராய்ந்து, இப்புயல்கள் சுழல்காற்றுகளே என்று நிறுவினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை 1848 இல் வெளிவந்த தம் நூலில் அவரே சூட்டினார். மாலுமி தன் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்க, ஒளி ஊடுருவும் கொம்புத்தகட்டில் சுழற்சி வரைந்த அட்டையையும் அந்நூலோடு வழங்கினார்.

நம் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் நடு நம் இடக்கைப் பக்கம் இருக்கும். அது கிழக்கே இருக்கும்போது சென்னையில் வாடை வீசும். வாடை மேற்காகத் திரும்பினால் புயல் நமக்கு வடக்கே செல்கிறது. அப்போது காற்று கப்பலைக் கரையிலிருந்து அகற்றும். வாடை கொண்டலாகத் திரும்பினால் புயல் தெற்கே செல்கிறது. அப்போது காற்று கப்பலை நேரே கரையின்மேல் எறியும். 2012 இல் மாமல்லபுரத்தில் கரை கடந்த புயல் சென்னைக் கப்பலைப் பெசன்ட் நகரில் ஏற்றியது இவ்விதியின்படியே. வாடை வீசத் தொடங்கும் அச்சிறு பொழுதே கப்பல் வெளியேறுவதற்குரிய பொழுது. கொண்டல் வந்தபின் கதவு மூடிவிடும்.

ஒளியும் கோபுரமும்

கடலோடியின் அச்சம் கரையில் பல நினைவுச்சின்னங்களை எழுப்பியிருக்கிறது. மயிலாப்பூரின் ‘லஸ்’ என்ற பெயர் ஒளியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். வழிதவறிய மாலுமிகள் ஓர் ஒளியைக் கண்டு கரை சேர்ந்ததாக அங்குள்ள கோயிலின் மரபு கூறும். வேளாங்கண்ணியிலும் புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகளின் கதை உண்டு. நாகூரில், ஓட்டை விழுந்த கப்பலை ஷாகுல் ஹமீது ஆண்டகை தம் கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்ததாக மரபு வழங்குகிறது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் அங்கு எழுப்பிய 131 அடி உயரப் பெரிய மினார், நாகைக்கு வரும் கப்பல்களுக்கு நெடுந்தொலைவிலிருந்தே தெரியும் அடையாளமாயிற்று. மூன்று தலங்களின் மரபிலும் புயலே பேசுகிறது. இவற்றை நாடுவோர் தம் சமயத்தை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. சென்னையில் அரசு ஏற்படுத்திய முதல் கலங்கரை விளக்கம், 1796 இல் கோட்டைக்குள் ஒரு கட்டிடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றப்பட்டது.

பெயரில்லாதவர்கள்

1746 இன் புயலை எழுதிய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம், பிரெஞ்சுக் கப்பல்களின் கதியை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். பின்னர், பல நாட்டவர்க்கும் உரிய வேறு இருபது கலங்களும் அழிந்தன என்று கூறி முடித்துவிடுகிறார். அந்த இருபதில் எத்தனை மரக்காயர் கலங்கள்? எத்தனை செட்டிமார் கலங்கள்? அவற்றைச் செலுத்திய நாகுதாக்கள் யார்? தண்டயல்கள் யார்? பருமலின்மேல் ஏறிப் பாயை அவிழ்த்த இளைஞன் காயல்பட்டினத்தானா, கீழக்கரையானா, நாகூரானா? ஏட்டில் இல்லை. நாமும் எழுதி வைக்கவில்லை. சீதக்காதியின் கொடையைப் பாடிய நம் புலவர்கள், அக்கொடைக்குப் பொருள் சுமந்து வந்த கலத்தின் மாலுமியைப் பாடவில்லை.

சென்னைத் துறையின் பெருமைக்குக் காரணமாக இருந்தவர்களும் இவ்வாறே பெயரற்றவர்கள். மசூலாப் படகில் இரும்பாணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். அலை மோதும்போது அது நெளிந்து கொடுக்கும், உடையாது. இறுகிய ஐரோப்பியப் படகு அதே அலையில் பிளந்துவிடும். மசூலாவும் இறங்க அஞ்சும் நாளில், நான்கைந்து மரங்களைப் பிணைத்த கட்டுமரத்தில் ஏறி, ஓலைத்தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு, அலைகளைக் கடந்து கப்பலுக்குச் சென்றனர் நம் மீனவர். புறப்படுமாறு கப்பல்களுக்குச் சொல்லவேண்டிய நெருக்கடி வேளையிலும் அவர்களே தூதுவர்.

செயற்கைத் துறைமுகம் அமைந்தால் இத்துயரம் தீரும் என்று கருதினர். 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. முடியுந் தறுவாயில் 1881 நவம்பர் 12 இல் வந்த புயல் அலைதடுப்புச் சுவர்களின் பெரும்பகுதியைப் பெயர்த்தெறிந்தது. மீண்டும் கட்டினர். பாய்மரக் கப்பல்களின் காலமோ அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. எனினும் அது உடனே அணைந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, தமிழ் மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. தூத்துக்குடித் தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்றன. பின்னர் அவற்றிலும் இயந்திரம் ஏறியது.

இயந்திரம் வந்ததில் வருந்த ஏதுமில்லை. உயிர்கள் காக்கப்படுகின்றன. வருந்த வேண்டியது, அக்கலையை அறிந்த கடைசி முதியவர்கள் மறையும்போது அவர்களுடைய அறிவும் எழுதப்படாமலே மறைவதுதான். காயலிலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் நாகூரிலும் கப்பலோட்டிக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்னும் இருக்கின்றனர். பழைய கணக்கேடுகளும் சரக்குச் சீட்டுகளும் சில வீடுகளின் பெட்டிகளில் இருக்கக்கூடும். அவற்றைத் திறந்து பார்த்து, பாட்டனாரின் சொற்களைக் குறித்து வைப்பது இளைஞர்களின் கடமை. ஆஞ்சான் என்றால் என்ன, பருமல் என்றால் என்ன என்று கேட்டால் விடை சொல்ல ஒருவரேனும் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பழைய பாடம் மட்டும் மாறவில்லை. இன்றும் புயல் நெருங்கும்போது சென்னைத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. உள்ளே நிற்கும் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுகின்றனர். செயற்கைக்கோள் கண்காணிக்கும் காலத்திலும், கரையைத் துறப்பதே கப்பலுக்குக் காப்பு.

கடல் இல்லாத ஊர் என்று ஆதம்பாக்கத்தைக் கூறித் தொடங்கினோம். 2015 டிசம்பரில் பெருமழை சென்னையை மூழ்கடித்தபோது, வேளச்சேரி முதலிய பகுதிகளின் தெருக்கள் ஆறாயின. அன்று கரையோரக் குப்பங்களின் மீனவர் தம் படகுகளைக் கொண்டுவந்து, மாடிகளில் தவித்தவர்களை இறக்கிச் சென்றனர். முன்பின் அறியாதவர்களை அவர்கள் காத்தனர். பெயர் சொல்லாமல் திரும்பினர். மஃபர் கரையில் இப்னு பதூதாவை மீட்க விடியற்காலையில் வந்த அந்தப் படகு இன்னும் கரையேற்றப்படவில்லை. அதைச் செலுத்துவோரின் பெயரை இனியேனும் கேட்டு எழுதி வைப்போமாக.